பழைய டிராயிங் அலமாரிகளைக் காலி செய்யும் முன்: ஆலை இயந்திர நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

பாலைப் பிரிக்க, எண்ணெயைச் சுத்தம் செய்ய, தானியத்தை அரைக்க, ரசாயனத்தைக் கலக்க, சாற்றைச் சூடேற்ற என்று ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் நிறுவனங்களை நடத்துபவர்கள் நீங்கள். உங்களில் பலருடைய நிறுவனம் நூறு வயதைக் கடந்துவிட்டது. சிலருடையது நூற்றைம்பதையும் தாண்டிவிட்டது. ஆண்டு விழா நெருங்கும்போது வழவழப்பான தாளில் வரலாற்று மலர் போடுகிறீர்கள். முதல் பக்கத்தில் மீசை வைத்த நிறுவனர், அடுத்த பக்கத்தில் அவர் தொடங்கிய சிறு பட்டறை, அப்புறம் பத்தாண்டுக்கு ஒரு புதிய தொழிற்சாலை, கடைசியில் உலக வரைபடம். இன்னொரு பக்கம், நீங்கள் விலைக்கு வாங்கிய பழைய கம்பெனியின் கட்டடத்தைக் காலி செய்யும்போது, அங்கே இருந்த டிராயிங் (இயந்திர வரைபட) அலமாரிகளும் உற்பத்திப் பதிவேடுகளும் பழைய பேப்பர் விலைக்குப் போய்விடுகின்றன. அந்த அலமாரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உங்கள் இயந்திரங்களை விற்பவனும் இல்லை, வாங்குபவனும் இல்லை. நின்றுபோனால் ஓட வைக்க வேண்டிய பராமரிப்புப் பிரிவுக்காரன். உங்கள் நிறுவனத்தின் வரலாறு எனக்கு அன்றாட வேலைக்கு வேண்டிய சாமான். ஸ்பேனர் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை.

கேட்பது இதுதான். ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் பெயரையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எண்ணி வாங்குகிறீர்கள் அல்லவா? அதேபோல அதன் டிராயிங்குகளை எல்லாத் திருத்தங்களோடும், வரிசை எண் பதிவேட்டோடும், பழுது அறிக்கைகளோடும் எண்ணி வாங்குங்கள். பத்திரமாக வையுங்கள். நீங்கள் செய்வதை நிறுத்திவிட்ட இயந்திரங்களுடையதைக் கேட்பவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

உங்கள் துறையில் அதிகம் சொல்லப்படும் கதையையே எடுத்துக்கொள்கிறேன். சுவீடனில் 1845-ல் பிறந்தவர் குஸ்தாஃப் டி லாவால். உப்சாலாவில் முனைவர் பட்டம் வாங்கிய பொறியாளர். கிண்ணத்தை வேகமாகச் சுழற்றிப் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் செப்பரேட்டருக்கு 1878-ல் காப்புரிமை பெற்றார். 1883-ல் ஏபி செப்பரேட்டர் என்ற நிறுவனம் பிறந்தது. அதுதான் 1963-லிருந்து ஆல்ஃபா லாவால். பொதுவாக இந்த அளவில் கதை முடிந்துவிடும். இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கதையின் சதை இதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முன்னால் இருப்பவர் வில்ஹெல்ம் லெஃபெல்ட் என்ற ஜெர்மானியர். சுழற்றினால் பால் பிரியும் என்பதை டி லாவாலுக்கு முன்பே இயந்திரமாகச் செய்து காட்டியவர். அவருடைய இயந்திரத்தில் ஒரு தொல்லை இருந்தது. பாலை ஊற்றிச் சுழற்ற வேண்டும், நிறுத்த வேண்டும், மேலே நிற்கும் ஆடையை எடுக்க வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு ஜெர்மன் இதழில் இதைப் பற்றிப் படித்த டி லாவால் அந்த 'நிறுத்த வேண்டும்' என்பதைத்தான் ஒழித்தார். ஒரு குழாயில் பால் உள்ளே போகும், கிண்ணம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு வாயில் ஆடையும் இன்னொரு வாயில் ஆடை நீக்கிய பாலும் வரும். இன்றைக்கு ஆலைகளில் ராத்திரி பகலாக ஓடும் செப்பரேட்டர்களெல்லாம் அந்த மாற்றத்தின் வாரிசுகள்.

பின்னால் இருப்பவர் கிளெமன்ஸ் வான் பெக்டோல்ஷைம். இவரும் ஜெர்மானியர். டி லாவாலின் கிண்ணம் உள்ளே வெறுமையாக இருந்தது. பாலில் உள்ள ஒரு கொழுப்புத் துளி பிரிந்து வெளியேற வேண்டுமானால், சுழலும் பாலின் முழுக் கனத்தையும் கடந்தாக வேண்டும். பெக்டோல்ஷைம் அந்த வெறுமையில் மெல்லிய கூம்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. கொழுப்புத் துளி இனி அந்தச் சிறு தூரத்தைக் கடந்தால் போதும். அதே அளவுக் கிண்ணம் பல மடங்கு பாலைப் பிரிக்க ஆரம்பித்தது. ஏபி செப்பரேட்டர் 1889-ல் அந்தக் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது. தகடுகளுக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தது. ஆக, இன்றைய கம்பெனிப் பெயரில் பின்பாதி நிறுவனருடையது, முன்பாதி வெளியிலிருந்து வாங்கிய தகடுகளுடையது. தினமும் அந்தத் தகடுகளைக் கழற்றிக் கழுவி அடுக்கும் எத்தனையோ பேருக்கு பெக்டோல்ஷைம் என்ற பெயரே தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதோடு கதை நிற்கவில்லை. செப்பரேட்டர் வேகமாகச் சுழல வேண்டும். அந்த வேகத்தை அன்றைய நீராவி எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு எடுப்பது பெரும்பாடு. அதனால் நேரடியாக வேகமாகச் சுழலும் நீராவி டர்பைன் ஒன்றைச் செய்ய டி லாவால் இறங்கினார். நீராவி சுருங்கிப் பிறகு விரியும் வடிவில் ஒரு நாசில் அமைத்தார். சுருங்கும் இடத்தில் ஒலியின் வேகத்தைத் தொட்டு, விரியும் இடத்தில் அதையும் தாண்டி நீராவி சீறும். ராக்கெட் எஞ்சின்களின் வாயில் இன்று இருப்பதும் அதே வடிவம்தான். அவருடைய சிறு டர்பைன்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடின.

அந்த வேகத்தில், சுழலும் பகுதியைத் தாங்கும் தண்டான ஷாஃப்ட் என்ன ஆகும்? ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு ஆபத்தான வேகம் உண்டு. அதை நெருங்கும்போது வளைந்து குலுங்கும். அந்த வேகத்துக்கு மேல் ஒரு ஷாஃப்டை நிலையாக ஓட்டவே முடியாது என்று 1869-ல் ராங்கின் எழுதினார். அவர் சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் முதல்தர அறிஞர்களில் ஒருவர். மற்றவர்களாக இருந்தால் ஷாஃப்டை இன்னும் தடிமனாக்கியிருப்பார்கள். டி லாவால் மெலிதாக்கினார், வளைந்துகொடுக்கும்படி செய்தார். ஆபத்தான வேகத்தைச் சட்டென்று தாண்டிவிட்டால் சுழலும் பகுதி தானாகவே தன் எடையின் மையத்தைக் கண்டுபிடித்து அமைதியாக ஓடுகிறது. 1889 வாக்கிலேயே அதை ஓட்டிக் காட்டிவிட்டார். ஏன் அப்படி நடக்கிறது என்று ஜெஃப்காட் என்ற பொறியாளர் கணக்கில் தெளிவாக விளக்கியது 1919-ல். பட்டறை முப்பது வருடம் முன்னால் போய் நின்றது, கணக்கு பிறகு வந்து சேர்ந்தது.

செப்பரேட்டரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஸ்விட்ச் போட்டு வேகம் ஏறும்போது நடுவில் ஒரு நடுக்கம் வரும். தரை அதிரும். சில நொடியில் அது அடங்கி, சத்தம் சீராகிவிடும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் அந்த நடுக்கத்தில் பயந்து நிறுத்தப் போவார்கள். "இரு தம்பி, தாண்டிடும்" என்று பக்கத்தில் நிற்கும் மூத்த ஃபிட்டர் சொல்வார். எது வழக்கமான நடுக்கம், எது சமநிலை கெட்ட கிண்ணத்தின் நடுக்கம் என்று அவருக்கு உள்ளங்கால் வழியாகவே தெரியும். அந்த அறிவு அவருக்கு வந்த பாதையை எழுதினால் அதுதான் உங்கள் நிறுவனத்தின் வரலாறு.

டி லாவால் 1913-ல் இறந்தபோது அவர் பெயரில் 92 சுவீடியக் காப்புரிமைகள் இருந்தன. 37 கம்பெனிகளைத் தொடங்கியிருந்தார். அவற்றில் பல மூழ்கின, சம்பாதித்த பணமும் கூடவே போயிற்று. அந்தத் தோல்விகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் எனக்கு மனிதராகத் தெரிகிறார், மரியாதையும் கூடுகிறது.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஒரு பழைய செப்பரேட்டர். யார் செய்தது என்று சொல்லப் போவதில்லை. அதன் நேம் பிளேட்டின் மேல் இன்னொரு நேம் பிளேட், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். ஒவ்வொரு முறை கம்பெனி கைமாறியபோதும் ஒரு அடுக்கு. இயந்திரம் மட்டும் அதேதான். கிண்ணத்தையும் மூடியையும் சேர்த்துப் பிடிக்கும் பெரிய லாக் ரிங்கின் மரை தேய்ந்திருந்தது. லாக் ரிங்கிலும் கிண்ணத்திலும் ஆளுக்கொரு குறி வெட்டியிருப்பார்கள். முறுக்கி முடிக்கும்போது இரண்டு குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மரை தேயத் தேய, ஒரு குறி இன்னொன்றைத் தாண்டிப் போகும். எவ்வளவு தாண்டலாம் என்று செய்தவர்கள் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். அந்த எல்லையை மீறி ஓட்டினால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் மரை விட்டுக்கொடுக்கும். அப்புறம் அந்த அறையில் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு எல்லை. அந்த மாடலுக்கு, அந்த வரிசை எண்ணுக்கு. கேட்டு எழுதினோம். வந்த பதில் மரியாதையாகத்தான் இருந்தது: இந்த மாடல் எங்கள் கணினியில் இல்லை, புதிய மாடலுக்கு மாறிக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறோம். பழைய டிராயிங் இருக்கிறதா என்று திரும்பக் கேட்டதற்கு, அலுவலகம் இடம் மாறியபோது பழைய ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று சொன்னார்கள். கிண்ணத்தின் உலோகம் என்ன, மரையில் பூச்சு உண்டா, மறுபடி மரை வெட்டலாமா கூடாதா, எதற்கும் விடை இல்லை. எல்லை தெரியாமல் எந்தப் பொறியாளரும் 'ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போட மாட்டார். போடவும் கூடாது. மற்றபடி நல்ல நிலையில் இருந்த அந்த இயந்திரத்தைக் கழித்துப் போட்டோம்.

பொறுப்பாகப் பேசிய அந்த அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்தக் கம்பெனிக்கு வரும் முன்பே அலமாரி காலியாகிவிட்டது. குறை, காலி செய்யச் சொன்ன மேசையில் இருக்கிறது. அந்த மேசைக்குத்தான் இந்த மடல்.

டிராயிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் இதை ஒரு ஸ்கேன் வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். ஒரு பழைய டிராயிங்கின் ஓரத்தில் திருத்தப் பட்டியல் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஏ, பி, சி என்று எழுத்து, தேதி, என்ன மாறியது என்று ஒரு வரி, மாற்றியவரின் சுருக்கொப்பம். நான் பார்த்த ஒரு ஷாஃப்ட் டிராயிங்கில் மூன்றாவது திருத்தம் இப்படி இருந்தது: தோள் வளைவின் ஆரம் கூட்டப்பட்டது. நான்கு சொல்தான். ஆனால் அதைப் படித்ததும் எந்த ஃபிட்டரும் புரிந்துகொள்வான், எங்கோ ஷாஃப்டுகள், தடிமன் மாறும் இடமான அந்தத் தோளில் விரிசல் விட்டிருக்கின்றன. கூர்மையான மூலையில் அழுத்தம் குவியும், அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். யாரோ உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், யாரோ வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறார், யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த ஆரத்தை மாற்றியிருக்கிறார். நோயாளியின் கேஸ் ஷீட்டைப் போல அந்தக் கட்டத்தைப் படிக்கலாம்.

இப்போது ஸ்கேன் செய்யும்போது என்ன நடக்கிறது? கடைசித் திருத்தம் மட்டும் கணினிக்குள் போகிறது. ஏ, பி, சி எல்லாம் 'காலாவதி' என்று முத்திரை வாங்கிக் கிழிபடுகின்றன. வெளியே ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களோ ஏ-விலும் பி-யிலும் செய்தவை. அவற்றுக்குக் கடைசி டிராயிங்கைப் பார்த்து உதிரிபாகம் செய்தால் பொருந்தாது. பொருந்தினால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பழைய பலவீனம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கடைசித் தாள் காட்டாது. எந்த வரிசை எண் வரை எந்தத் திருத்தம் என்பது உற்பத்திப் பதிவேட்டில்தான் இருக்கும். ஆகவே டிராயிங் மட்டும் இருந்து பதிவேடு போய்விட்டாலும் பாதி குருடுதான்.

டிராயிங் இல்லாத வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் என்ற திரவத்தைக் கையாளும் ஆறு ரியாக்டர்கள், அதாவது ரசாயன வினை நடக்கும் பெரிய கலன்கள், வரிசையாக நின்றன. 1974-ல் ஐந்தாவது ரியாக்டரில் விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு, நான்குக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு மாற்றுக் குழாய் போட்டு ஆலையை ஓட்டினார்கள். ரியாக்டர்களின் வாய் 28 அங்குலம், போட்ட குழாய் 20 அங்குலம். இரண்டு முனையிலும் பெல்லோஸ், அதாவது வளைந்துகொடுக்கும் நெளிவுகள் கொண்ட இணைப்பு. இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாயை மடித்து இறக்க வேண்டியிருந்தது. அதற்கு முறையான கணக்கு இல்லை, முறையான டிராயிங் இல்லை. பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட முழு அளவுக் கோட்டுப் படம் மட்டும் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி ஆலை வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை. வேலை நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கிய விஷயம் இன்னொன்று. பெல்லோஸ் செய்த கம்பெனி, அதை எப்படிப் பொருத்த வேண்டும், எப்படித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருந்தது. குழாயைப் போட்டவர்கள் அதைப் பார்க்கவில்லை. செய்தவர்களிடம் இருந்த அறிவு, தேவைப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை. அங்கே கையேடு இருந்தும் பார்க்காமல் போனார்கள். நாங்கள் பார்க்கத் துடிக்கிறோம், கையேடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

கம்பெனிகள் கைமாறுவதைத் தப்பென்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் துறையில் அது நடந்துகொண்டே இருப்பது. பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் கதையைப் பாருங்கள். ரிச்சர்ட் செலிக்மன் 1910-ல் லண்டனில் அலுமினியம் பிளான்ட் அண்ட் வெசல் கம்பெனியைத் தொடங்கினார். ஏபிவி என்ற சுருக்கப் பெயரில் உலகம் அறிந்தது அதைத்தான். 1923-ல் அவர் பாலைச் சூடேற்றக் கொண்டுவந்த தகடு வெப்பப் பரிமாற்றி, ஃபில்டர் பிரஸ் மாதிரி ஒரு சட்டத்தில் தகடுகளை வரிசையாக நிறுத்தி இறுக்கும் அமைப்பு. முதலில் வந்த தகடுகள் பித்தளை போன்ற வெண்கலக் கலவையில் வார்த்தெடுத்த கனமான துண்டுகள். 1930-களில்தான் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட்டை அழுத்தி வடிவெடுக்கும் தகடுகள் வந்தன. சட்டத்தைத் தளர்த்தினால் ஒவ்வொரு தகட்டையும் பிரித்துத் தேய்த்துக் கழுவலாம். பால் பண்ணைகளுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பது, மூடிய குழாய்க்குள் கருகிய பாலைச் சுரண்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஏபிவி 1997-ல் சீபே கைக்குப் போனது. 1999-ல் சீபே இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து இன்வென்சிஸ் ஆனது. 2007 கடைசியில் எஸ்பிஎக்ஸ் வாங்கியது. 2015-ல் அதிலிருந்து பிரிந்து எஸ்பிஎக்ஸ் ஃப்ளோ வந்தது. ஆல்ஃபா லாவாலும் அப்படித்தான். 1991-ல் டெட்ரா பாக் வாங்கியது, 2000-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது, 2002-ல் மறுபடி பங்குச் சந்தைக்கு வந்தது. பால் கறக்கும் இயந்திரப் பிரிவு டி லாவால் என்ற பெயரில் தனியாகப் போய்விட்டது. ஜெர்மனியின் ஓல்டேயில் 1893-ல் தொடங்கிய வெஸ்ட்ஃபாலியா செப்பரேட்டர் 1994-லிருந்து ஜிஇஏ குடும்பத்தில். இவர்களில் யாரும் எதையும் தொலைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தனை முறை வீடு மாறினால் எந்தக் குடும்பத்திலும் பெட்டி காணாமல் போக வாய்ப்பு உண்டு என்பதால், கைமாற்ற ஒப்பந்தத்திலேயே பெட்டிக்கு ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வரலாறு எழுதுபவர்களுக்கும் ஒன்று. உங்கள் மலர்களில் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தீவாக நிற்கிறது. உண்மையில் அறிவு வேலிகளைத் தாண்டித்தான் போயிருக்கிறது. புடாபெஸ்ட்டில் ஆபிரகாம் கான்ஸ் வார்ப்பிரும்பை அச்சிலேயே சட்டென்று குளிரவைத்து மேற்பரப்பைக் கடினமாக்கும் முறையில் ரயில் சக்கரம் செய்தார். அவர் மறைந்த பிறகு அந்தக் கம்பெனியை நடத்திய ஆண்ட்ராஷ் மெக்வார்ட், அதே வார்ப்பு முறையில் மாவு ஆலைக்கு உருளை செய்தார். அது 1874. கல் திரிகையின் இடத்தை இரும்பு உருளைகள் பிடித்ததில் அந்த ரயில் சக்கர வார்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் உஸ்வில்லில் 1860-ல் ஒரு சாதாரண இரும்பு வார்ப்புப் பட்டறையாகத் தொடங்கிய பியூலர், மாவு ஆலை இயந்திரத்துக்குப் போனதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். எந்தப் பட்டறையில் எந்த மேஸ்திரி எந்தக் கலவையைப் பிடித்தார் என்பது இரும்பை உருக்கியபோது எழுதிய பதிவேடுகளில்தான் இருக்கும். மலரில் சக்கரமும் உருளையும் வேறு வேறு பக்கத்தில் அழகான படங்களாக இருக்கும்.

இன்னும் ஒரு விஷயம், சொல்லக் கஷ்டமானது. ஆனால் வரலாற்றைப் பத்திரமாக வையுங்கள் என்று கேட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் 1878-ல் தொடங்கிய டாஃப் அண்ட் சன்ஸ் உங்களைப் போன்ற ஒரு கம்பெனிதான். பார்லி முளைகட்டும் மால்ட் ஆலைகளுக்கும் மதுபான ஆலைகளுக்கும் இயந்திரம் செய்தது. உலகெங்கும் அனுப்பியது. அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள்தான் புக்கன்வால்ட், ஆஷ்விட்ஸ் வதை முகாம்களுக்குப் பிண எரியூட்டு உலைகளை வடிவமைத்தார்கள். விஷவாயு அறைகளுக்குக் காற்றோட்டக் கருவிகளும் அங்கிருந்தே போயின. மொத்த வியாபாரத்தில் அது சிறு பங்கு. அதைச் செய்யாவிட்டால் கம்பெனி மூழ்கியிருக்கும் என்ற நிலையும் இல்லை. அளவு போட்டு, திருத்தம் எழுதி, சுருக்கொப்பம் வைத்துத்தான் அந்த டிராயிங்குகளும் போடப்பட்டன. கடிதங்களும் ஆர்டர்களும் டிராயிங்குகளும் தப்பிப் பிழைத்ததால்தான், யார் என்ன தெரிந்து செய்தார்கள் என்று பின்னால் நிரூபிக்க முடிந்தது. 2011-லிருந்து அந்தக் கம்பெனியின் பழைய நிர்வாகக் கட்டடம் ஒரு நினைவிடம்.

ஆவணங்களை வைத்திருந்தால் பெருமை மட்டும் வராது, வெட்கமும் வரலாம். சில இயக்குநர் குழுக்கள் தயங்குவதற்கு அது ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். பழைய டிராயிங்கை வைத்து யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று உங்கள் சட்டப் பிரிவு கேட்கும். அழித்தால் பொறுப்பும் அழிந்துவிடும் என்பது தப்புக் கணக்கு. நீங்கள் செய்த கிண்ணம் இன்னும் வெளியே சுழன்றுகொண்டிருக்கிறது. நேம் பிளேட்டில் பெயர் இருக்கிறது. ஆபத்தான எல்லையை நீங்கள் தெரியப்படுத்தினீர்களா என்ற கேள்விக்கு, தாளைக் கிழித்துவிட்டோம் என்பது எந்தச் சபையிலும் நல்ல பதிலாக நிற்காது.

தொழில் ரகசியம் என்று இன்னொரு தடை வரும். காப்புரிமை பொதுவாக 20 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அந்தத் தாள் ஊரறிந்த ஒன்று. காப்புரிமையில் சொல்லாமல் டிராயிங்கில் மட்டும் இருக்கும் அளவுகளும் இடைவெளிகளும் ஓடும் மாடலுக்கு ரகசியமாகவே இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை. நீங்களே செய்வதை நிறுத்திய, உதிரிபாகம் தருவதையும் நிறுத்திய மாடலில் காக்க என்ன ரகசியம் மிச்சம்? புதியதை வாங்கவைக்க அது ஒரு வழி என்று விற்பனைப் பிரிவு நினைத்தால், அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். நல்ல இயந்திரத்தை ஐம்பது வருடம் ஓட்டிய ஆலை, அடுத்த இயந்திரத்தையும் அதே கம்பெனியிடம் வாங்கத்தான் நினைக்கும். கைவிடப்பட்டோம் என்று தோன்றினால்தான் வேறு கதவைத் தட்டும்.

செலவு உண்டு, மறுக்கவில்லை. எல்லாவற்றையும் நாளைக்கே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஈரமும் கரையானும் அண்டாத ஒரு அறை, எந்த அலமாரியில் எது என்று ஒரு பட்டியல், அதற்குப் பொறுப்பான ஒரு ஆள். முதலில் இவ்வளவு போதும். உங்களால் முடியாவிட்டால் பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்ப அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அழகான வண்ணப் படங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியைக் கழிக்காதீர்கள். எங்களுக்கு வேண்டியது அந்த மீதிதான்.

தாளில் ஏறாத அறிவும் இருக்கிறது. இயந்திரத்தோடு ஆலை ஆலையாகப் போய் நிறுவிக் கொடுத்த உங்கள் சர்வீஸ் ஆட்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்த பேரிங் எந்தச் சத்தத்தில் போகும், எந்த கேஸ்கெட் எந்த எண்ணெயில் ஊதும், எந்த மாடலின் கையேட்டில் எந்தப் படம் தப்பு என்று அவர்களுக்குத் தெரியும். கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் அவர்கள் எழுதியிருப்பதை நான் பலமுறை நம்பியிருக்கிறேன், அச்சில் இருப்பதைவிடவும். பணி ஓய்வு நாளன்று மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்புகிறீர்கள். அதற்கு முந்தைய சில மாதங்கள் ஒரு இளம் பொறியாளரை ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாடிக்கையாளர் பக்கத்து ஃபிட்டர்களையும் கேளுங்கள். உங்கள் இயந்திரத்தில் நாங்கள் செய்த மாற்றங்களில் சில உங்கள் அடுத்த மாடலில் வந்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். யார் சொல்லி அந்த மாற்றம் வந்தது என்று உங்கள் திருத்தப் பட்டியலில் ஒரு வரி இருந்தால் இன்னும் சந்தோஷம்.

இந்த மடலுக்கு நீண்ட பதில் எதுவும் வேண்டாம். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் விடையைப் பொதுவில் சொன்னால் போதும். உங்கள் நிறுவனம் இதுவரை வாங்கிய ஒவ்வொரு கம்பெனியின் டிராயிங்குகளும் உற்பத்திப் பதிவேடும் இன்று எந்தக் கட்டடத்தில், எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கின்றன? ஒரு பழைய கிண்ணத்தின் வரிசை எண்ணை எழுதி அதன் தேய்மான எல்லையைக் கேட்கும் ஆலைக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கும்?

இப்படிக்கு,
உங்கள் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் பராமரிப்புப் பிரிவுக்காரன்